அமேசானுக்கு உரம் போடுறது யாரு?

கேள்வி: அமேசான் காட்டு மண்ணுல சத்தே கிடையாதுன்னு பொண்ணு ஸ்கூல்ல கேட்டுட்டு வந்து சொல்றா. அப்புறம் எப்படிங்க அவ்ளோ பெரிய காடு வளருது? எங்க தோட்டத்துல ஒரு தடவை எரு போட மறந்தாலே வாழை முகத்தைத் தூக்கி வச்சுக்குது.
- தேனியிலிருந்து ஒரு வாசகி

பதில்: பொண்ணு சொல்றது பெரும்பாலும் சரிதாங்க. அந்தக் காட்டோட சத்தெல்லாம் மரத்துலதான் இருக்கு, மண்ணுல ரொம்ப கம்மி. அங்க வருஷம் பூரா சூடு, பல இடத்துல 2000 மி.மீ.க்கு மேல மழை, ஒரு இலை விழுந்தா போதும் பூஞ்சையும் கரையானும் மொய்ச்சு சீக்கிரமே மக்க வச்சிடும், அதுல வர்ற சத்தை மேலாக்கப் படர்ந்திருக்கிற வேர் கீழ இறங்க விடாம உறிஞ்சிக்கும். தப்பினது மழையில கரைஞ்சு ஆத்தோட போச்சு. அதான் காட்டை வெட்டி எரிச்சு பயிர் வைக்கிறவங்களுக்கு மொதல் ரெண்டு மூணு வருஷம் சாம்பல் புண்ணியத்துல விளையுது, அப்புறம் நிலம் படுத்துடுது.

ஆனா இதுல ஒரு கணக்கு இடிக்குது பாருங்க. ஆத்தோட போற பாஸ்பரஸ்ங்கிற சத்தை யாரு திருப்பிக் குடுக்கிறது? ஒரு பங்கு சஹாரா பாலைவனத்துல இருந்து வருது! சாட் நாட்டுல போடெலேன்னு ஒரு பள்ளம், ஒரு காலத்துல பெரிய ஏரி, இப்ப வறண்டு போய் அன்னிக்கு தண்ணில வாழ்ந்த டயாட்டம்ங்கிற நுண்பாசியோட ஓடெல்லாம் பொடியா கிடக்கு. ரெண்டு மலைக்கு நடுவுல புகுந்து வேகமெடுக்கிற காத்து அந்தப் பொடியைக் கிளப்பி அட்லாண்டிக்கைத் தாண்டி கொண்டு போகுது. நாசா சாட்டிலைட் 2007-ல இருந்து 2013 வரைக்கும் எடுத்த அளவை வச்சு 2015-ல கணக்குப் போட்டாங்க. வருஷத்துக்கு சராசரியா 2.8 கோடி டன் தூசு அமேசான் மேல விழுது, அதுல பாஸ்பரஸ் மட்டும் 22,000 டன், மழையும் வெள்ளமும் அடிச்சுட்டுப் போறதும் கிட்டத்தட்ட அதே அளவுதானாம். உங்க வாழைக்கு இந்த வசதி கிடையாது, நீங்க எரு போட்டுடுங்க.

கேள்வி: பயோம்னா என்ன? துந்திராவுல மழை பாலைவனம் மாதிரி கம்மின்னு படிச்சேன், ஆனா போட்டோவுல பூரா சேறும் சகதியுமா இருக்கே?
- கரூர் வாசகர்

பதில்: ஒரே மாதிரி மழை, ஒரே மாதிரி வெப்பம் இருந்தா கண்டம் விட்டு கண்டம் போனாலும் செடிகொடி ஒரே சாயல்ல இருக்கும், அந்த சாயலை வச்சு பிரிக்கிறதுதான் பயோம். நம்ம ஊரு வேலியோரத்துலயே பாக்கலாம். சப்பாத்திக்கள்ளி அமெரிக்காவுல இருந்து வந்தது, சதுரக்கள்ளி இந்தப் பக்கத்தது, ரெண்டுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல, சதுரக்கள்ளியைக் கீறினா பால் வரும், சப்பாத்தியில வராது. இருந்தாலும் வறட்சி ரெண்டையும் ஒரே மாதிரி தண்ணியை உள்ள தேக்கி முள்ளை வெளிய காட்ட வச்சிருச்சு.

துந்திரான்னா வட துருவத்தை ஒட்டி மரமே இல்லாம கிடக்கிற குளிர்ப் பிரதேசம், அதுவும் ஒரு பயோம்தான். அங்க பல இடத்துல மழை வருஷத்துக்கு 250 மி.மீ. கூட தேறாதுதான். ஆனா அடியில மண்ணு எப்பவுமே உறைஞ்சு கிடக்கு. கோடையில மேல மட்டும் கொஞ்சம் உருகும், அந்தத் தண்ணி கீழயும் இறங்க முடியாது, குளிர்ல ஆவியாகவும் மாட்டேங்குது, வேற எங்க போகும்? தேங்கி நிக்கும். கொசு அங்க படு ஜோர், துருவ மான் (ரெயின்டீர்) கூட்டமே ஓட்டம் பிடிக்குமாம்.

கேள்வி: உலகத்துலயே பெரிய பாலைவனம் சஹாராதானே? குவிஸ்ல என் பையனுக்கு மார்க் போடலைங்க.
- ஒரு அம்மா, சேலம்

பதில்: சஹாரா சுமார் 90 லட்சம் சதுர கி.மீ. அண்டார்டிகா சுமார் 1.4 கோடி, அங்க விழுற பனியை உருக்கி அளந்தா பாலைவனக் கணக்குலதான் வருது. கேள்வியில 'வெப்ப'ங்கிற வார்த்தை இருந்துச்சான்னு பையன்கிட்ட கேளுங்க, இருந்துச்சுன்னா போய் மார்க்கைக் கேட்டு வாங்குங்க.