மருத்துவர் "உங்களுக்கு ஒன்றும் இல்லை" என்று அனுப்பிவிட்ட பிறகும் தொந்தரவு தொடர்ந்தால், நோயாளி எப்படிப் பேச வேண்டும்?

என்னை நம்புங்கள் என்று மருத்துவரிடம் மன்றாடுவதைவிட, எதை வைத்து அந்த முடிவுக்கு வந்தார் என்பதை அவரே விளக்கும்படி கேட்பதுதான் பலன் தரும் என்பது என் அனுபவம். நோய் எதுவும் இல்லை என்பது ஒரு முடிவு. செய்த பரிசோதனையில் எதுவும் தென்படவில்லை என்பது வேறொன்று. காரணம் தெரியவில்லை, ஆனால் ஆபத்தானதாகத் தோன்றவில்லை என்பது மூன்றாவது. மூன்றும் ஒரே தொனியில் சொல்லப்படுவதால், எந்த முடிவோடு அறையை விட்டு வெளியே வருகிறோம் என்பதே பெரும்பாலும் நமக்குத் தெரிவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன்பு, இரண்டு மாடி ஏறினாலே எனக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. இரவில் படுத்தால் கால்களை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும் போலிருந்தது. இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 12.3 கிராம் என்று வந்தது. கர்ப்பமாக இல்லாத பெண்களுக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கும் கீழ் எல்லை 12 கிராம் என்பதால், இரத்தசோகை இல்லை, வேலைப்பளுவும் மன அழுத்தமும்தான் காரணம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். எண்ணை மட்டும் பார்த்தால் அவர் சொன்னதில் பிழையில்லை. ஆனால் முந்தைய ஆண்டு அறிக்கையில் அதே ஹீமோகுளோபின் 13.9 ஆக இருந்தது. மாதவிடாயின்போது இரத்தப்போக்கும் வெகுவாகக் கூடியிருந்தது.

அந்த இரண்டு தகவல்களையும் மேசைமேல் வைத்துவிட்டு, "டாக்டர், மன அழுத்தம் என்று முடிவு செய்வதற்கு முன் வேறு எவற்றையெல்லாம் யோசித்து விலக்கினீர்கள்? இரும்புச்சத்துக் குறைவு இல்லை என்று இந்தப் பரிசோதனையை வைத்தே சொல்லிவிட முடியுமா?" என்று கேட்டேன். அவர் பழைய அறிக்கையை மறுபடி பார்த்துவிட்டு, உடலில் சேமிப்பில் உள்ள இரும்பின் அளவைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். அது 8 என்று வந்தது. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு அது லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே போகக் கூடாது. உடல் முதலில் சேமிப்பில் உள்ள இரும்பை எடுத்துச் செலவழிக்கும். சேமிப்பு தீர்ந்த பிறகே ஹீமோகுளோபின் எல்லைக்குக் கீழே இறங்கும். ஆகவே ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே இரும்புச்சத்துக் குறைந்து அறிகுறிகள் தோன்றலாம். (உடலில் அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் உயர்ந்து காட்டும் என்பதால், அந்த எண்ணையும் தனியாக வைத்து முடிவு கட்டக் கூடாது.)

பரிசோதனை அறிக்கையில் அச்சிட்டிருக்கும் இயல்பு எல்லை, பொதுவாக ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதம் பேரின் அளவுகளை உள்ளடக்கும்படி வகுக்கப்படுகிறது. உங்கள் உடலின் வழக்கமான அளவு எது என்பது அதற்குத் தெரியாது. பழைய அறிக்கைகளைத் தேதிவாரியாகக் கோப்பில் வைத்துக்கொண்டு போவதன் பயன் அங்கேதான் இருக்கிறது. அதேபோல, எந்தப் பரிசோதனை எதைக் காட்டும், எதைக் காட்டாது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். வழக்கமான ஸ்கேனில் எதுவும் தெரியவில்லை என்பதால் மட்டும் எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உட்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய்) இல்லை என்று ஆகிவிடாது. முதல் ஈ.சி.ஜி. இயல்பாக இருந்தாலும் மாரடைப்பு இல்லை என்று உறுதியாகாது என்பதால்தான், சந்தேகம் இருக்கும்போது ஈ.சி.ஜி.யையும், இதயத் தசை சேதமடைந்தால் இரத்தத்தில் கூடும் ட்ரோபோனின் என்ற புரதத்தின் அளவையும் இடைவெளி விட்டு மீண்டும் எடுக்கிறார்கள்.

பேசக் கிடைக்கும் நேரமோ மிகக் குறைவு. நோயாளி பேசத் தொடங்கிய சராசரியாக 18 விநாடிகளில் மருத்துவர் குறுக்கிட்டுவிடுகிறார் என்று 1984இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு கண்டது. 2018இல் வெளியான இன்னோர் ஆய்வில் அந்த இடைவெளி ஏறத்தாழ 11 விநாடிகள்தான். எனவே முதல் வாக்கியத்திலேயே முக்கியமானது வந்துவிட வேண்டும். "மிகவும் களைப்பாக இருக்கிறது" என்பதை எல்லாரும் சொல்வார்கள். "மூன்று மாதங்களுக்கு முன்பு நிற்காமல் ஏறிய படிகளை இப்போது பாதியில் நின்று மூச்சு வாங்கித்தான் ஏறுகிறேன்" என்று சொன்னால், காலமும் மாற்றமும் அளவும் ஒன்றாகச் சேர்ந்து வந்துவிடுகின்றன. இணையத்தில் படித்த நோயின் பெயரோடு பேச்சைத் தொடங்கினால் உரையாடல் உடனே அந்தப் பெயரைப் பற்றியதாகிவிடும். ஆனால் மனத்துக்குள் ஓர் அச்சம் இருந்தால், குடும்பத்தில் இன்னாருக்கு இந்த நோய் இருந்தது என்ற காரணத்தோடு அதைக் கடைசியில் சொல்லிவிடுவதே நல்லது.

மன அழுத்தம் என்ற விளக்கத்தைக் கேட்டதும் பலருக்குக் கோபம் வருகிறது. அது சில வேளைகளில் உண்மையான காரணமாகவும் இருக்கும் என்பதால் அதை ஒரேயடியாகத் தள்ளிவிடக் கூடாது; அதே நேரம், வயிற்றுப் புண்ணுக்கு மன அழுத்தமும் உணவுப் பழக்கமுமே காரணம் என்று மருத்துவ உலகமே நெடுங்காலம் நம்பியிருந்தபோது, பெரும்பாலானவற்றுக்கு ஒரு பாக்டீரியாவே காரணம் என்று காட்டிய பாரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது என்பதும் நினைவில் இருக்கட்டும். என்னைப் பொறுத்தவரை, அந்த விளக்கத்தை மறுப்பதைவிட ஏற்றுக்கொண்டு கேள்வி கேட்பதே சிறந்த வழி: "சரி டாக்டர், இதற்கு என்ன சிகிச்சை? எத்தனை வாரங்களில் குறைய வேண்டும்? அப்படிக் குறையாவிட்டால் அடுத்து எதைப் பார்ப்பீர்கள்?" இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும்போது அவருடைய முடிவுக்கு ஒரு கெடு ஏற்பட்டுவிடுகிறது, நீங்கள் மறுபடி போகும்போது அது பிடிவாதமாகத் தோன்றாது.

பரிசோதனை செய்ய மறுத்ததைக் கோப்பில் எழுதச் சொல்லுங்கள் என்று ஓர் அறிவுரை பரவலாக உலவுகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. அது மருத்துவரின் அறையை நீதிமன்றமாக்கிவிடும். இந்தப் பரிசோதனை இப்போது ஏன் தேவையில்லை என்ற காரணத்தையும், எந்த அறிகுறி வந்தால் திரும்பி வர வேண்டும் என்பதையும் எழுதித் தரும்படி கேட்பது வேறு. பரிசோதனை வேண்டாம் என்று அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம்: நோய்க்கான வாய்ப்பு மிகக் குறைவாக இருக்கும்போது செய்யும் பரிசோதனைகள், இல்லாத நோயை இருப்பதாகக் காட்டி வீண் சிகிச்சையில் கொண்டுபோய் விடுவதும் உண்டு.

காரணமே சொல்லாமல் எரிந்து விழுகிறார் என்றால் இன்னொரு மருத்துவரிடம் போவதற்குத் தயங்க வேண்டியதில்லை. அறிக்கைகளின் நகல்களை எடுத்துச் செல்லுங்கள். ஆனால் முந்தைய மருத்துவர் சொன்ன காரணத்தை முதலில் சொல்லாமல், அறிகுறிகளை அவை தொடங்கிய வரிசையில் சொல்லி முடித்த பிறகு சொல்லுங்கள். இல்லாவிட்டால் புதியவரின் சிந்தனையும் அதே தடத்தில் ஓடத் தொடங்கிவிடும். கூட ஒருவரை அழைத்துச் செல்வதானால், நீங்கள் விட்டுவிடும் செய்தியை நினைவூட்டுவதும் குறிப்பெடுப்பதும் அவர் வேலை என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

இவையெல்லாம் காத்திருக்க அவகாசம் உள்ள தொந்தரவுகளுக்கே பொருந்தும். நெஞ்சு வலி, திடீர் மூச்சுத்திணறல், உடலின் ஒரு பக்கம் செயலிழப்பது, பேச்சுக் குழறுவது, இதுவரை அறியாத கடும் தலைவலி சட்டென்று வருவது ஆகியவற்றில் எதுவாயினும், அன்று காலையில்தான் ஒரு மருத்துவர் ஒன்றும் இல்லை என்று சொல்லியிருந்தாலும், நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் சென்றுவிட வேண்டும்.