மடிப்புக் கேமராவின் ஷட்டர் அசைய மறுத்தால்

வாசகர் கேள்வி: தாத்தா வைத்திருந்த ஸைஸ் ஐகான் நெட்டர் 517/16 மடிப்புக் கேமரா பல ஆண்டுகளாக அலமாரியில் கிடந்தது. அதில் இருப்பது புரோன்டார்-எஸ் ஷட்டர் (ஒளியை உள்ளே விடத் திறந்து மூடும் பகுதி). நெம்புகோலை இழுத்து விசையேற்ற முடிகிறது. ஆனால் மேலே உள்ள பொத்தானை அழுத்தினால் ஒன்றும் நடப்பதில்லை. ஒரே ஒரு முறை இதழ்கள் பாதி திறந்து நின்று, பிறகு மெதுவாக மூடிக்கொண்டன. தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடலாமா?

பதில்: தயவுசெய்து எண்ணெய் விடாதீர்கள். ஷட்டரின் இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து நகரும் மெல்லிய தகடுகள். அவை முற்றிலும் உலர்ந்த நிலையில் இயங்கவே வடிவமைக்கப்பட்டவை. இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கிடையே ஈரம் இருந்தால் அவை ஒட்டிக்கொள்வதைப் போல, மெல்லிய எண்ணெய்ப் படலம்கூட இவற்றை ஒட்டவைத்துவிடும். நீங்கள் கண்ட பாதித் திறப்புக்கும் பெரும்பாலும் அதுவே காரணம். பல ஆண்டுகளுக்கு முன் இட்ட மசகு கசிந்து இதழ்களுக்குள் இறங்கியிருக்க வேண்டும்.

ஆனால் பொத்தான் வேலை செய்யாததற்குக் காரணம் வேறாக இருக்கலாம். இந்த மாடலில், பிலிமின் ஒரே இடத்தில் இருமுறை படம் பதியாமலிருக்க, பிலிமை நகர்த்தும்வரை பொத்தானைப் பூட்டிவைக்கும் அமைப்பு உண்டு. எனவே முதலில் லென்ஸ் பகுதி முழுவதுமாக வெளிவந்து சரியாகப் பூட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிலிம் சுற்றும் குமிழை அம்புக்குறியின் திசையில் திருப்பிப் பாருங்கள். அப்போதும் அசையவில்லையென்றால், விசையேற்றிய பிறகு, பொத்தானிலிருந்து வரும் இணைப்பு ஷட்டரின் விளிம்பில் எந்தச் சிறு நெம்புகோலைத் தள்ளுகிறதோ அதை விரலால் நேரடியாகத் தள்ளுங்கள். ஷட்டர் இயங்கிவிட்டால் பழுது ஷட்டரில் இல்லை, இணைப்பில்தான்.

செல்ஃப் டைமரின் (சில நொடிகள் கழித்து ஷட்டரைத் தானாக இயக்கும் அமைப்பின்) நெம்புகோலையும் கவனியுங்கள். யாரோ எப்போதோ அதை முடுக்கி, அது பாதி வழியில் நின்று, மொத்த ஷட்டரையும் பிடித்துவைத்திருப்பதை இவ்வகைக் கேமராக்களில் அடிக்கடி காணலாம். அது தானாகத் திரும்ப வேண்டிய திசையில் மென்மையாகத் தள்ளிவிடுங்கள். அதன்பின் அதைத் தொடவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்து ஒவ்வொரு வேகத்தையும், அதாவது ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தையும், சோதியுங்கள். 1/300, 1/100 நொடி ஆகியவை சரியாக இயங்கி, 1 நொடியிலும் 1/2 நொடியிலும் இதழ்கள் திறந்தபடியே நின்றால், மெதுவான வேகங்களில் இதழ்கள் மூடுவதைத் தாமதப்படுத்தும் பற்சக்கரங்களில் மசகு இறுகியிருக்கிறது. எல்லா வேகத்திலும் சோம்பலாக இருந்தால் குறை இதழ்களில்தான்.

இதழ்களைச் சுத்தம் செய்ய, லைட்டரில் ஊற்றும் நாப்தாவை ஷட்டருக்குள் தாராளமாகப் பாய்ச்சும்படி பலர் சொல்வார்கள். அதை நான் ஏற்பதில்லை. கரைந்த எண்ணெய் மீண்டும் இதழ்களுக்கே வந்து சேரும், லென்ஸிலும் படியும். இரண்டு நாள் ஓடிய ஷட்டர் மூன்றாம் நாள் நின்றுவிடும். அதற்குப் பதிலாக, பிலிம் அறை வழியாகப் பின்பக்க லென்ஸை மட்டும் கழற்றி, நாப்தாவில் லேசாக நனைத்த பஞ்சுக்குச்சியால் இதழ்களை அழுத்தாமல் துடைத்து, நன்றாக உலரவிட்டு, விசையேற்றி இயக்குங்கள். இதழ்களில் கறை வருவது நிற்கும்வரை, இருபது முப்பது முறையானாலும், இதையே பொறுமையாகத் திரும்பச் செய்ய வேண்டும். நாப்தா எளிதில் தீப்பற்றக்கூடியது என்பதால் சன்னலைத் திறந்துவைத்து, அடுப்பும் விளக்கும் இல்லாத இடத்தில் செய்யுங்கள்.

முன்பக்க லென்ஸைக் கழற்றுவது தனிப் பொறுப்பு. இக்கேமராவில் குவியம் மாறுவதே அந்த லென்ஸ் மரையில் சுழல்வதால்தான். ஆகவே முடிவிலி நிலையையும் (மிகத் தொலைவிலுள்ளவை கூர்மையாகத் தெரியும் நிலை), மரை விடுபடும் இடத்தையும் பென்சிலால் குறிக்காமல் கழற்றினால், பிறகு எடுக்கும் படம் எதுவும் கூர்மையாக அமையாது. தாமதப் பற்சக்கரங்களுக்காக ஷட்டரைத் திறக்கும் வேலையையோ, அனுபவமுள்ள பழுதுபார்ப்பவரிடம் விடுவதே நல்லது.

அதுவரை கேமரா சும்மா இருக்க வேண்டியதில்லை. வேகமான அளவுகள் சரியாக இயங்கினால், 100 ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன் அளவு) நெகட்டிவ் பிலிமைப் போட்டு, நல்ல வெயிலில் 1/100 நொடி, எஃப் 16 (லென்ஸ் துளையின் அளவு) என்று வைத்து எடுங்கள். ஷட்டர் சற்றுத் தாமதித்தாலும் நெகட்டிவ் அதைத் தாங்கிக்கொள்ளும். நேரடியாகப் பாசிட்டிவ் படம் தரும் ஸ்லைடு பிலிம் தாங்காது. எடுத்து முடித்ததும், விசையேற்றிய நிலையில் கேமராவை மடித்து வைக்காதீர்கள்.