உள்ளங்கையைக் குத்தும் ஹார்ட்டெயில் பிரிட்ஜ்: எதை மாற்றுவது?

கேள்வி: இதுவரை ட்ரெமோலோ, அதாவது அசையும் பிரிட்ஜ் (தந்திகளைப் பாடியில் தாங்கும் பகுதி), உள்ள கிட்டார்தான் வாசித்தேன். சென்ற மாதம் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவ ஹார்ட்டெயில் (பிரிட்ஜ் அசையாத) கிட்டார் வாங்கினேன். பாம் மியூட் செய்தால் (உள்ளங்கை ஓரத்தைத் தந்திகள்மேல் ஊன்றி ஒலியை மங்கச் செய்தால்) பிரிட்ஜ் உள்ளங்கையைக் குத்துகிறது. அரை மணி நேரத்தில் தோல் சிவந்துவிடுகிறது. டியூன்-ஓ-மேட்டிக் பிரிட்ஜுக்கு மாறிவிடலாமா?

பதில்: வேண்டாம். உங்களைக் குத்துவது பெரும்பாலும் பிரிட்ஜ் அல்ல, அதில் ஒவ்வொரு தந்தியையும் தாங்கும் சாடில்களை ஏற்றி இறக்கும் கிரப் ஸ்க்ரூக்கள் (தலையில்லாத திருகுகள்).

பிரிட்ஜின் மேல் விரலால் தடவிப் பாருங்கள். நடுவில் இருப்பவற்றைவிட ஓரத்து ஸ்க்ரூக்கள் அதிகமாகத் துருத்திக்கொண்டிருக்கும். ஃபிரெட்போர்டு (விரலால் தந்தியை அழுத்தும் பலகை) வளைவாக இருப்பதால் தந்திகளும் அதே வளைவில் நிற்க வேண்டும். அதற்காக ஓரத்துச் சாடில்களைத் தாழ்த்துகிறோம். சாடில் தாழத் தாழ ஸ்க்ரூ மேலே நீளும். ஃபெண்டரின் பழைய 7.25 அங்குல ஆரமுள்ள கூடுதல் வளைவில் இது இன்னும் கூடும். பாம் மியூட்டுக்குக் கை ஊன்றுகிற இடமும் ஆறாம் தந்தியின் ஓரம்தானே!

எனவே குட்டையான ஸ்க்ரூ வாங்குங்கள். இப்போதிருப்பது 10 மி.மீ. நீளமாக இருந்து, 2 மி.மீ. வெளியே தெரிந்தால் 8 மி.மீ. போதும். முனை சாடிலின் மேற்பரப்போடு சமமாகவோ ஒரு மயிரிழை கீழேயோ நிற்க வேண்டும். 1.5 மி.மீ. ஆலன் கீ (அறுகோணச் சாவி) இறுக்கமாகப் பொருந்தினால் அது பெரும்பாலும் எம்3 (3 மி.மீ. விட்ட) மரை. அமெரிக்கத் தயாரிப்புகளில் 0.05 அங்குலக் கீயும் அங்குல மரையும் இருக்கும். அதில் எம்3 ஸ்க்ரூவை வலிந்து திருகினால் சாடில் பாழாகிவிடும். முதலில் 12ஆம் ஃபிரெட்டில் ஒவ்வொரு தந்தியின் உயரத்தையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு நேரத்தில் ஒரு தந்தியை மட்டும் தளர்த்தி மாற்றுங்கள். சாடிலின் விளிம்பு கூராக இருந்தால் நைஸ் உப்புத்தாளால் மெல்லத் தேய்க்கலாம். தந்தி உட்காரும் பள்ளத்தைத் தொடாதீர்கள்.

எல்லாச் சாடில்களும் அடிமட்டத்தில் கிடந்தால் சிக்கல் நெக்கின் கோணத்தில் இருக்கிறது. நெக் பொருந்தும் குழியில், பிரிட்ஜ் பக்க முனையில் மெல்லிய ஷிம் (தகட்டுத் துண்டு) வைத்தால் நெக் சற்றுப் பின்னால் சாயும். சாடில்களை உயர்த்த இடம் கிடைக்கும். பழக்கமில்லையென்றால் இதை லூதியரிடம் (கிட்டார் செய்து பழுதுபார்ப்பவரிடம்) விடுங்கள்.

டியூன்-ஓ-மேட்டிக் 1954இல் கிப்ஸனின் லெஸ் பால் கஸ்டமில் வந்தது. அந்தக் கிட்டார்களில் நெக் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும், தந்திகளும் பாடியிலிருந்து நன்றாக உயர்ந்து நிற்கும். சாய்வில்லாத உங்கள் நெக்கோடு அதைச் சேர்த்தால், பாடியைக் குடைந்து இறக்கினாலொழிய தந்தி உயரம் வாசிக்கும் அளவுக்கு வராது.

இன்னொன்றையும் கவனியுங்கள். மிதக்கும் ட்ரெமோலோவில் கை அழுத்தினால் சுருதி விலகும் என்பதால், மணிக்கட்டை அந்தரத்தில் தாங்கியே பழகியிருப்பீர்கள். ஹார்ட்டெயிலில் அந்தப் பயம் வேண்டாம்; கையின் எடையைத் தாராளமாக அதன்மேல் இறக்கலாம். எனக்கு நிலையான பிரிட்ஜ் பிடித்துப்போனதற்கு இதுவே முதல் காரணம். ஆனால் பழைய இறுக்கம் மணிக்கட்டை விட்டுப்போக சில வாரங்கள் ஆகும்.

இத்தனைக்கும் பிறகு உறுத்தினால், மழுங்கிய விளிம்புள்ள பிளாக் (கட்டி வடிவ) சாடில்களோடு வரும் ஹார்ட்டெயில் பிரிட்ஜைத் தேடுங்கள். வாங்குமுன் ஓரத் தந்திகளுக்கு இடையிலான தூரத்தை அளந்துவிடுங்கள்: பழைய ஃபெண்டர் அளவு சுமார் 56 மி.மீ., புதியது சுமார் 52.5. தந்திகள் பாடிக்குள்ளிருந்து வருமானால் அந்தத் துளைகளும் பொருந்தியாக வேண்டும்.