யோர்தானுக்கு இக்கரையில்

அன்புள்ள சார்,

யூதர்களின் தோரா பற்றி, பைபிளின் முதல் ஐந்து புத்தகங்கள்தானே அது, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, ராத்திரியே அதன் கடைசிப் புத்தகமான உபாகமத்தின் கடைசி இரண்டு அதிகாரங்களை எடுத்து வாசித்தேன். மனசு ஆறவில்லை. 40 வருஷம் ஜனங்களைக் கூட்டிவந்த மோசேயை, பாறையை அடித்த ஒரு குற்றத்துக்காக, யோர்தான் நதிக்கு அக்கரையில் கடவுள் வாக்களித்த நாட்டுக்குள் விடாதது நியாயமா? இதெல்லாம் சரித்திரத்தில் நடந்ததா? இந்தச் சாவையா யூதர்கள் ஆடிப்பாடி வாசிக்கிறார்கள்?
ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

சரித்திரமா என்பதைத் தொல்லியல்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள், விடுங்கள். நியாயமா என்றால், மோசேயே கெஞ்சிப் பார்த்தார். இதைப் பற்றி இனி பேசாதே என்றுதான் பதில் வந்தது. மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். கொஞ்ச நாளாக அதுவே எனக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அப்படி ஆடிப்பாடி வாசிக்கும் நாளுக்கு சிம்ஹாத் தோரா என்று பெயர். யூத நாட்காட்டியில் திஷ்ரி மாதம் 22. இஸ்ரேலுக்கு வெளியே 23. தோரா எழுதிய தோல் சுருள்களைத் தூக்கிக்கொண்டு ஏழு சுற்று ஆடுவார்கள். பல ஜெப ஆலயங்களில், மோசே இஸ்ரவேலரின் கோத்திரங்களை, அதாவது குலங்களை, வாழ்த்தும் பகுதியைத் திரும்பத் திரும்ப வாசிப்பார்கள், வந்தவர்கள் எல்லோரையும் முறைவைத்து அழைக்க வேண்டுமே. பிள்ளைகளுக்கு மேலே ஒரு பெரிய சால்வையை விரித்துப் பிடித்து, அவர்களையும் சேர்த்துக்கொள்வார்கள். மோசேயின் மரணத்தை வாசிப்பது ஒரே தடவைதான். அதற்கு அழைக்கப்படுகிறவர் ‘தோராவின் மாப்பிள்ளை’. அந்நேரம் சுருளைப் பார்க்க வேண்டும்: வருஷம் முழுக்க வாசித்த தோலெல்லாம் வலது கட்டையில் தடித்துக் கிடக்கும், இடது கட்டை ஒல்லியாக நிற்கும். அதைத் திரும்பச் சுற்றிக்கொண்டிருக்க மாட்டார்கள். தோராவின் முதல் புத்தகமான ஆதியாகமத்தின் தொடக்கத்தில் இன்னொரு சுருள் தயாராக இருக்கும். மோசே செத்த கையோடு வெளிச்சம் உண்டாகிறது.

யோர்தானைத் தாண்டும் கதை, தோராவுக்கு அடுத்த புத்தகமான யோசுவாவில் வருகிறது. அதன் முதல் அதிகாரத்தையும் அன்றைக்கே வாசிக்கிறார்கள்தான், ஆனால் துணை வாசிப்பாக. தோராச் சுருளில் அது கிடையாது. வருஷாவருஷம் கரைவரைக்கும் வந்து, படைப்புக்கே திரும்பிவிடுகிறார்கள். எருசலேமில் குடியிருப்பவனும் அப்படித்தான். நாட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, நாட்டுக்குள் போகாமலே முடிகிற கதையை வாசிக்கிறான்!

உங்களுக்கு ஏன் ஆறவில்லை தெரியுமா? கடைசிப் பக்கத்தில் கூலி பட்டுவாடா ஆகிவிட வேண்டும் உங்களுக்கு. என் கதைகளுக்கும் ‘கடைசியில் ஊர் போய்ச் சேர்ந்தாளா சார்?’ என்று எழுதுகிறவர்கள் இந்த ரகம்தான். சேர்ந்துவிட்டால் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுத் தூங்கப் போய்விடுவீர்கள். இவர்கள் மூடுவதே இல்லையே, ஐயா!

கோபித்துக்கொள்ளாதீர்கள். தூக்கம் கெட்டு வாசித்தீர்களே, அது எனக்குப் பிடித்திருக்கிறது. உங்களைப் போலவே ஆறாத ஒருவரைச் சொல்கிறேன். மோசே இறந்ததைச் சொல்லும் கடைசி எட்டு வசனங்களை எழுதியது யார் என்று யூத ரபிகளின் விவாதத் தொகுப்பான தல்மூதில் ஒரு விவாதம் உண்டு. மோசேக்குப் பின் தலைவரான யோசுவா என்கிறது ஒரு கட்சி. ரபி ஷிமோன் ஒப்பவில்லை. கடவுள் சொல்லச் சொல்ல மோசேயே அழுதுகொண்டு எழுதினார் என்கிறார்.

அப்புறம், 33ஆம் அதிகாரத்தில் சிமியோன் கோத்திரத்துக்கு மட்டும் வாழ்த்தே இல்லை. நீங்கள் அதைக் கேட்கவே இல்லை. சாவைப் பார்க்கிற அவசரத்தில் புரட்டிவிட்டீர்கள் போலிருக்கிறது. மறுபடி வாசித்துவிட்டு எழுதுங்கள்.