பள்ளிக்கு அனுப்பாமல் கைவேலை, ஊர்சுற்றல் என்றே இருந்தால் படிப்பு எப்போது நடக்கும்?

பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைப்பவர்களிடம் எல்லோரும் கேட்பதைத்தான் நீங்களும் கேட்டிருக்கிறீர்கள். நாங்கள் இருப்பது தஞ்சாவூர். மகளுக்குப் பன்னிரண்டு வயது, மகனுக்கு ஒன்பது. இருவரும் பள்ளிக்குப் போவதில்லை.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். கைவேலை என்ற பேரில் நடப்பதெல்லாம் கற்றல் ஆகிவிடாது. சார்ட் தாளில் ஜிகினா ஒட்டுவதும் எங்கள் வீட்டில் நடந்திருக்கிறது. வீடு பெருக்கியதுதான் மிச்சம். செய்கிற வேலையில் ஒரு கணக்காவது இடிக்க வேண்டும். இடித்துவிட்டால் பிள்ளைகள் தூங்கவிடமாட்டார்கள்.

பெரிய கோயிலையே எடுத்துக்கொள்வோம். விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று ஊர் முழுக்கச் சொல்வார்கள். மகனும் அப்படியே நம்பியிருந்தான். பங்குனி மாதத்தில் ஒரு நாள், காலை பத்து மணிக்குச் சற்று முன்பு, விமானத்துக்குப் பின்னால் கருவூரார் சன்னதிப் பக்கம் அழைத்துப்போனேன். நிழல் மேற்கே நீளமாகக் கிடந்தது. அவனுக்குக் கோபமே வந்துவிட்டது, இத்தனை பேர் பொய் சொன்னார்களா என்று.

மகள் ஒரு மீட்டர் குச்சியை நூல்குண்டு பிடித்து நேராக நிறுத்தினாள். அதன் நிழல் 70 சென்டிமீட்டர். அதே நேரத்தில் கோயிலின் நிழலையும் அளந்தாக வேண்டும். கால் மணி நேரம் தாமதித்தாலும் நிழல் குறுகிவிடும். அவ்வளவு உயரத்திலிருந்து விழுவதால் கலசத்தின் நிழல் கூர்மையாக இராது, விளிம்பு மங்கிக் கலைந்திருக்கும். இதுதான் நுனி என்று இருவரும் சண்டை போட்டு ஓரிடத்தை முடிவு செய்தார்கள். அங்கிருந்து விமானத்தின் அடிச்சுவர் வரை டேப் பிடித்தால் 31 மீட்டர். 0.7-ஆல் வகுத்தால் உயரம் 44 மீட்டர். 1010-இல் ராஜராஜன் கட்டி முடித்த விமானத்தின் உயரமோ 216 அடி, அதாவது ஏறக்குறைய 66 மீட்டர்.

டேப் சரியில்லை என்றான் மகன். மகள் திருச்சுற்று மாளிகையில் உட்கார்ந்து படம் வரைந்து பார்த்தாள். கலசம் நிற்பது சுவருக்கு நேர் மேலே இல்லையே, நடுவில் அல்லவா! அடித்தளம் ஏறக்குறைய 30 மீட்டர் சதுரம். அதில் பாதியைச் சேர்த்தால் 46, 0.7-ஆல் வகுத்தால் 66-ஐ ஒட்டி வந்துவிட்டது. வடிவொத்த முக்கோணம் என்று பாடநூலில் வருவது இதுதான். அதை நான் தனியாக நடத்த வேண்டியிருக்கவில்லை.

அந்தப் படத்திலேயே ஊர்ப்பேச்சுக்கும் விடை கிடைத்தது. பங்குனியிலிருந்து புரட்டாசி வரை உச்சிவேளையில் சூரியன் ஏறக்குறைய தலைக்கு மேல் இருக்கும். அப்போது கலசத்தின் நிழல் கோயிலின் அகன்ற உடம்பின் மேலேயே விழுந்துவிடும். யாரோ மதியம் வந்து பார்த்துவிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். ஏப்ரல் 18-ஐயும் ஆகஸ்ட் 24-ஐயும் ஒட்டி எங்கள் ஊரில் நண்பகலில் நேராக நட்ட குச்சிக்கே நிழல் இருக்காது. மொட்டை மாடியில் ஒரு செம்பை வைத்துப் பாருங்கள்.

வீட்டுக்குள் ஆசிரியை என்றால் அது என் மாமியார்தான். அவர் போடும் கோலத்தில் நடுவே ஏழில் தொடங்கி, இரு பக்கமும் இரண்டிரண்டாகக் குறைத்து ஒன்று வரை நேர்ப்புள்ளி வைத்தால் மொத்தம் 25 புள்ளி. அதைச் சாய்த்துப் பார்த்தால் நான்குக்கு நான்கு சதுரம் ஒன்றும், அதன் இடுக்கில் மூன்றுக்கு மூன்று சதுரம் ஒன்றும் தெரியும். 16-ம் 9-ம் சேர்ந்த 25. "இத்தனை வருஷமாகப் போடுகிறேன், எனக்கே தெரியாதே!" என்றார் அத்தை. நுங்கு வண்டியில் அச்சு நடுவில் இல்லாவிட்டால் நொண்டும் என்பதையும் அவர்தான் காட்டிக் கொடுத்தார். சுவாமிமலையில் ஸ்தபதிகள் மெழுகுச் சிலையின் மேல் காவிரி வண்டலைப் பூசி, மெழுகை உருக்கி எடுத்துவிட்டு உலோகம் வார்ப்பதைப் பார்த்து வந்த பிறகு, மெழுகின் எடையைப் போல எட்டு மடங்குக்கு மேல் உலோகம் ஏன் வேண்டும் என்பது பல நாள் வாக்குவாதமாக ஓடியது. அடர்த்தி அப்படித்தான் புரிந்தது.

ஆனால் ரகர றகரம், ஆங்கில இலக்கணம், வாய்ப்பாடு ஆகியவற்றுக்கு எந்தக் கோயிலும் உதவாது. தினமும் காலையில் மேசையில் உட்கார்ந்து எழுதித்தான் ஆக வேண்டும், அழுகையும் உண்டு. தேர்வுக்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. 14 வயது நிரம்பியவர்கள் அதன் வழியே பத்தாம் வகுப்பு எழுதலாம். மகளுக்கு அதுதான் திட்டம்.

வீட்டில் ஒருவராவது பகல் முழுவதும் இருக்க முடியாதென்றால் பள்ளியே மேல். நிழல் அளப்பதை ஞாயிற்றுக்கிழமையிலும் செய்யலாம். பத்தரைக்குள் முடித்துவிடுங்கள், அதற்குமேல் கல்தரையில் வெறுங்காலுடன் நிற்க முடியாது.