காந்தத்துக்கு ஒரே நாட்டை நம்பினால் என்ன ஆபத்து?

ஒரு தொழிலுக்குக் கட்டாயம் வேண்டிய பொருளை ஒரே ஒரு வெளிநாடுதான் தருகிறது என்றால், அந்த நாடு கதவைச் சாத்தும் நாளில் நம் தொழிற்சாலையும் நின்றுவிடும். ஓசூர், போச்சம்பள்ளி பக்கம் தயாராகிற மின்சார ஸ்கூட்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டாருக்குள் வட்டமாக ஒட்டியிருக்கும் சின்னச் சின்னக் காந்தத் துண்டுகளில் நியோடிமியம் என்ற அருமண் உலோகம் இருக்கிறது, சூட்டில் வலு இழக்காமல் இருக்கக் கொஞ்சம் டிஸ்ப்ரோசியமும் சேர்ப்பார்கள். உலகத்தில் இந்தக் காந்தங்களில் சுமார் 90 சதவீதம் சீனாவில்தான் உருவாகிறது. 2025 ஏப்ரலில் அமெரிக்காவோடு வரிச்சண்டை முற்றியபோது, சீனா இவற்றின் ஏற்றுமதிக்கு அனுமதி கட்டாயம் என்றது. சண்டை யாருக்கோ, தவித்தது நம்மூர் வண்டிக் கம்பெனிகளும்தான்.

நம்ம கிருஷ்ணகிரி மாங்காய் மாதிரி யோசியுங்கள். தோப்பு ஊரெங்கும் இருக்கிறது, ஆனால் மாங்கூழ் ஆலை ஒரே ஒருவரிடம் என்றால்? ஜூஸ் கம்பெனி அவர் வாசலில்தான் நிற்க வேண்டும், விலையும் அவர் சொல்வதுதான். சரி, புது ஆலை கட்டலாமே என்றால் அதற்கு வருஷக்கணக்கில் ஆகும், நடுவில் அவர் விலையைக் குறைத்து நம்மைக் கவிழ்த்தும் விடலாம்.

அப்புறம், ‘அருமண்’ என்ற பெயரைப் பார்த்து எங்கும் கிடைக்காத பொருள் என்று பலர் நினைக்கிறார்கள். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி கடற்கரை மணலிலேயே இருக்கிறது, அதைப் பிரித்துக் காந்தமாக்கும் ஆலைகள்தான் நம்மிடம் போதாது.