ஃபிராய்டு கட்சியா, ஸ்கின்னர் கட்சியா?

கேள்வி: பி.எஸ்சி. உளவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஃபிராய்டு, ஸ்கின்னர், ரோஜர்ஸ் என்று ஆளுக்கொரு கோட்பாடு. எதைப் பிடித்துக்கொண்டால் நல்ல வேலை? எம்.எஸ்சி. முடித்ததும் க்ளினிக் வைக்கலாமா?
- ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: கோட்பாட்டை வைத்து வேலையைத் தேடாதீர்கள். க்ளினிக்கில் யாரும் ஒரே கட்சிக்காரராக உட்கார்ந்திருப்பதில்லை.

பஸ் ஏறினாலே நெஞ்சு படபடக்கிறது என்று ஒருவர் வருகிறார். ஃபிராய்டு வழி வந்தவர் பயத்துக்கு அடியில் புதைந்திருப்பதைத் தேடுவார், மாதக்கணக்கில் ஆகும். ஸ்கின்னர் சார்ந்த நடத்தைவாதம் ஏணி போடும். நிற்கிற பஸ்ஸில் உட்காருவதற்கு 100க்கு 30 பயம், ஒரு ஸ்டாப் போக 50, நெரிசலில் தனியாகப் போக 90 என்று அவரையே மதிப்பெண் போடச் சொல்லி, கீழ்ப்படியிலிருந்து ஏற்றுவார்கள். ஒவ்வொரு படியிலும் பயம் தானாகத் தணியும்வரை இருக்க வேண்டும். புதியவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். உச்சத்தில் தவிக்கிறாரே என்று பாவம் பார்த்து இறக்கிவிட்டால், ‘இறங்கியதால் பிழைத்தேன்’ என்று மனம் பாடம் படித்துக்கொள்ளும். பயம் இன்னும் கெட்டிப்படும். 1960களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் உருவாக்கிய சிகிச்சையோ ‘மயங்கி விழுந்துவிடுவேன்’ என்ற எண்ணத்தை எழுதவைத்து, இதுவரை எத்தனை முறை விழுந்தீர்கள் என்று கேட்கும். இந்த இரண்டும் கலந்ததுதான் இன்றைய சி.பி.டி. (எண்ணத்தையும் நடத்தையையும் சேர்த்து மாற்றும் சிகிச்சை). ரோஜர்ஸ் சொன்னபடி குறை காணாமல் காதுகொடுக்காவிட்டால், வந்தவர் மறுமுறை வரவே மாட்டார்.

இனி க்ளினிக். எம்.எஸ்சி. மட்டும் முடித்துவிட்டு ‘க்ளினிக்கல் சைக்காலஜிஸ்ட்’ என்று போர்டு மாட்ட முடியாது. இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் (ஆர்.சி.ஐ.) பதிவு வேண்டும், உளவியலில் சாதாரண பிஎச்.டி.கூட அதற்கு ஈடாகாது. க்ளினிக்கல் சைக்காலஜியில் 2 ஆண்டு முழுநேர எம்.ஃபில்.தான் வழக்கமான பாதையாக இருந்தது, எம்.எஸ்சி.யில் 55 சதவீதம் கேட்டார்கள். ஆனால் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2022இல் எம்.ஃபில்.லையே நிறுத்தி, இந்தப் பிரிவுக்கு 2025-26 கல்வியாண்டு வரை மட்டும் நீட்டிப்பு தந்தது. நீங்கள் முடிக்கும்போது வாசல் வேறாக இருக்கும். மாத்திரை எழுத ஆசையென்றால் அது எம்.பி.பி.எஸ்., எம்.டி. படிக்கும் மனநல மருத்துவரின் வேலை.

பள்ளி ஆலோசகர், நிறுவனங்களில் ஆள்தேர்வு போன்றவற்றுக்கு ஆர்.சி.ஐ. பதிவு தேவையில்லை.

கல்லூரி விளம்பரத்தில் ‘ஆர்.சி.ஐ. அங்கீகாரம்’ என்று பார்த்ததும் பணம் கட்டிவிடாதீர்கள். அந்த அங்கீகாரம் சிறப்புக் கல்வி பி.எட்.டுக்கு மட்டும்கூட இருக்கலாம். உங்கள் படிப்பின் பெயர், இடங்களின் எண்ணிக்கை, எந்த ஆண்டுவரை செல்லும் என்ற மூன்றையும் கவுன்சிலின் இணையதளத்திலேயே பாருங்கள்.